கிளினிக் நாளில் கைக்குப் போகும் புத்தகம்: நூலகத்தையும் சுகாதாரப் பணிமனையையும் சேர்த்து வீட்டு வாசிப்பைத் தொடங்க முழுமையான வழிகாட்டி

ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போகும் தாயை நான் மட்டக்களப்பில் அரிதாகவே கண்டிருக்கிறேன். அதே தாய் கிளினிக்குக்குப் போகத் தவறுவதில்லை. மாதா மாதம் நிறை பார்க்க வேண்டும். 2, 4, 6 மாதங்களில் ஊசி, பிறகு 9, 12, 18 மாதங்களில், அதன்பின் 3 வயதிலும் 5 வயதிலும். பிள்ளை முதலாம் ஆண்டுக்குப் போகும்வரை இந்த நடை நிற்காது. கிளினிக்கில் ஒரு பாயை விரித்து, நூலகத்துப் புத்தகத்தை மாதா மாதம் இரவலாகக் கொடுத்து வாங்கி, இந்த நடையோடு சேர்த்துவிடுவதுதான் இங்கே சொல்லப்போகும் வேலை.

இதைச் செய்ய இறங்கும் வாசகர் வட்டங்களும் முன்பள்ளி ஆசிரியைகளும் கிராமச் சங்கங்களும் பெரும்பாலும் புத்தகம் வாங்குவதில் தொடங்குவார்கள். மூன்றாம் மாதம் களைத்துப்போவார்கள். நாங்களும் அப்படிக் களைத்தவர்கள்தான். கீழே உள்ள ஒழுங்கு அதற்குப் பிறகு வந்தது. படிகளை இடம் மாற்றாமல் செய்யுங்கள்.

1. ஆளைச் சேர்த்த பிறகே புத்தகத்தைச் சேருங்கள்

மூன்று பேர் போதும். ஒருவர் பாயில் இருந்து பிள்ளைகளோடு வாசிப்பவர். ஒருவர் கொப்பியில் எழுதுபவர். மூன்றாமவர் அந்த இருவரில் ஒருவர் வராத நாளுக்கு.

இந்த மூன்றாமவர் இல்லாமல் தொடங்காதீர்கள். கோயில் சடங்கு வரும், சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். ஒரு கிளினிக் நாள் ஆளில்லாமல் போனால், புத்தகத்தைத் திருப்பித் தர வந்த தாய் அதை மறுபடியும் வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவாள். அது பிறகு இறங்காது.

முதல் தடவை ஒரே ஒரு கிளினிக்கை எடுங்கள். 20 தாய்மாருக்கு 30 புத்தகம் என்று கணக்கு வையுங்கள். 20 வெளியே போனாலும் 10 பாயில் கிடக்கும். தெரிவு செய்ய ஏதாவது இருந்தால்தான் அடுத்த மாதமும் கை நீளும். இவற்றோடு ஒரு பாய், கோடு போட்ட தடித்த கொப்பி ஒன்று, புத்தகத்துக்கு ஒன்றாகப் பொலித்தீன் உறை. அவ்வளவுதான் சாமான்.

2. புத்தகம் திரும்பி வரும் வழியை முதலில் போடுங்கள்

புதியவர்கள் விழும் முதல் குழி இது. கொடுப்பது சுலபம். 40 புத்தகம் கொடுத்து 11 திரும்பி வந்த மாதம் எங்களுக்கு இருந்தது. அதில் தாய்மாரின் பிழை ஒன்றுமில்லை. “எங்க கொண்டு வந்து குடுக்கிற மிஸ்?” என்று அவர்கள் கேட்டபோது எங்களிடம் தெளிவான பதில் இருக்கவில்லை.

ஒரு புத்தகம் மூன்று இடத்தில் எங்கே கொடுத்தாலும் திரும்பியதாக வேண்டும்: அடுத்த கிளினிக், நூலகம், ஊருக்குள் ஒரு வீடு அல்லது முன்பள்ளி. மூன்றையும் உறையின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். மூன்றாவது இடம் முக்கியம். பிள்ளைக்குச் சளி பிடித்தால் தாய் அந்த மாதக் கிளினிக்கைத் தவறவிடுவாள், முன்பள்ளி வாசலால் தினமும் போவாள்.

கொப்பியில் நான்கு நிரல் போதும்: புத்தக இலக்கம், பிள்ளையின் பெயர், ஒழுங்கை, திகதி. அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள். கேட்டவுடன் அது ஏதோ நிவாரணப் பதிவு என்று ஆகிவிடும். அடுத்த மாதம் பிள்ளையில்லாதவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

3. அனுமதி: எந்தக் கதவை முதலில் தட்டுவது

குடும்பநல உத்தியோகத்தரை (தாய்மாருக்கு அவர் மிட்வைஃப் மிஸ்) நேராகப் போய்ப் பிடிப்பது பலரும் செய்யும் தவறு. அவர் விரும்பினாலும் தானாக “ஓம்” சொல்ல முடியாது. உங்களை வைத்துக்கொண்டு அவர் சங்கடப்படுவார், பிறகு உங்களைக் கண்டால் ஒதுங்குவார். முதல் கடிதம் சுகாதார வைத்திய அதிகாரிக்கு, அதாவது எம்.ஓ.எச்.க்குப் போக வேண்டும்.

எந்தப் பணிமனை என்பதில் கவனம். அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பக்கம், காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் போன்ற இடங்கள், சுகாதார நிர்வாகத்தில் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் கீழ் வருகின்றன. மாவட்டப் பெயரைப் பார்த்து அம்பாறைக்குக் கடிதம் போட்டுவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். சந்தேகமென்றால் ஒரு தாயின் கிளினிக் கொப்பியை (பிள்ளையின் நிறையும் ஊசியும் பதியும் கொப்பி) வாங்கிப் பாருங்கள், பிரிவின் பெயர் அதில் இருக்கும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. எந்தக் கிளினிக், எந்த நாள், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவீர்கள், யார் யார் வருவீர்கள் என்று எழுதுங்கள். அதன் கீழே நீங்கள் செய்யப்போகாததையும் எழுதுங்கள்: தாய்மாரின் பெயர்ப் பட்டியல் கேட்கமாட்டோம், படம் எடுக்கமாட்டோம், பணம் சேர்க்கமாட்டோம், பால்மா போன்ற எந்த விளம்பரமும் கொண்டுவரமாட்டோம். வைத்திய அதிகாரி பயப்படுவது இந்த நான்கிற்கும்தான். அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பணிமனையில் மாதத்துக்கு ஒருமுறை எல்லா உத்தியோகத்தர்களும் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் 10 நிமிடம் கேளுங்கள். புத்தகத்தை அங்கேயே விரித்து வாசித்துக் காட்டுங்கள். உங்கள் முகத்தை மிஸ்மார் அங்கே கண்டிருந்தால், கிளினிக்கில் “இவங்க யாரு” என்ற பார்வை இருக்காது.

நூலகப் பக்கம் வேறு கதவு. பொது நூலகங்கள் உள்ளூராட்சி சபைகளுடையவை: மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றில் மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூரில் நகர சபை, மற்ற இடங்களில் பெரும்பாலும் பிரதேச சபை. கடிதம் தவிசாளருக்கு அல்லது முதல்வருக்கு, பிரதி நூலகருக்கு. சபை கலைந்திருக்கும் காலமென்றால் செயலாளருக்கோ ஆணையாளருக்கோ எழுத வேண்டும்.

கடிதம் கொடுக்கும் முன் நூலகரோடு இருந்து கதையுங்கள். அவருடைய தயக்கத்துக்குக் காரணம் உண்டு. நூலகப் புத்தகம் சபையின் சொத்து. இருப்புக் கணக்கெடுக்கும்போது குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஒரு வயதுப் பிள்ளை கடிக்கப்போகும் புத்தகத்தை அவர் எப்படி மனமொப்பித் தருவார்? ஆகவே கிளினிக்குக்கான புத்தகங்களைத் தனித் தொகுதியாகப் பதியவும், கிழிவதையும் தொலைவதையும் ஓரளவுக்கு ஏற்கவும் சபையின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் தொடங்கிய இடத்தில் புத்தகங்கள் நல்ல பத்திரமாக இருந்தன. பூட்டிய அலுமாரிக்குள்.

4. அங்கத்துவப் படிவத்தின் முள்ளை எடுங்கள்

கிளினிக்கில் புத்தகம் பழகிய தாய் ஒரு நாள் நூலகத்துக்கு வருவாள். அங்கே அவளை நிறுத்துவது பிணைக் கையொப்பம். சில இடங்களில் அரச உத்தியோகத்தர் ஒருவர் ஒப்பமிட வேண்டும், கிராம உத்தியோகத்தரின் வதிவிட உறுதியும் வேண்டும். தோட்டக்காரனின் மனைவியும் மீன்பிடிப்பவரின் மனைவியும் யாரிடம் போய்க் கேட்பார்கள்? ஒரு தாய் படிவத்தை வாங்கி நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்ததைப் பார்த்தேன். அவள் பிறகு வரவில்லை.

5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் அங்கத்துவத்துக்கு மட்டும் பிணையை இலகுவாக்கும்படி அதே கடிதத்தில் சபையிடம் கேளுங்கள். முடியாதென்றால் படிவத்தைக் கிளினிக்குக்கே கொண்டுபோங்கள். முன்பள்ளி ஆசிரியை, கிராம உத்தியோகத்தர், ஊர்ப் பாடசாலை அதிபர் ஆகியோரில் யார் ஒப்பமிடலாம் என்று நூலகரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்களிடம் நீங்களே கட்டாகக் கொடுத்து வாங்குங்கள். தாயை அலையவிடாதீர்கள்.

5. புத்தகத் தெரிவு

ஆறு மாதப் பிள்ளைக்குக் கதை வேண்டாம். தடித்த மட்டை, பக்கத்துக்கு ஒரு படம், வெறுமையான பின்னணி. தமிழில் மட்டைப் புத்தகம் இங்கே கடைகளில் எளிதில் கிடைக்காது. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய உண்டு. கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வருவதால் ஆசிரியர், ஓவியர் பெயர்களை விடாமல் அச்சிட்டுக் கொடுக்கலாம். அச்சிட்டு, லாமினேட் செய்து, மூலைகளை வளைத்து வெட்டி, வளையம் போட்டுக் கட்டினோம். மூலையை வளைக்க மறந்த முதல் தொகுதி ஒரு பிள்ளையின் கன்னத்தில் கீறியது.

இந்தியாவில் எழுதப்பட்ட புத்தகத்தில் “ஆட்டோ” என்றிருக்கும், நம் பிள்ளைக்கு அது ஓட்டோ. “மிளகாய்” என்றிருக்கும், அம்மம்மா கொச்சிக்காய் என்பார். இதற்காகப் புத்தகத்தை ஒதுக்கத் தேவையில்லை. படத்தைக் காட்டி வீட்டுச் சொல்லைச் சொல்லிவிட்டு, புத்தகச் சொல்லையும் சொன்னால் பிள்ளைக்கு இரண்டு சொல் கிடைக்கும். தாய்மார் “பிழையாப் போட்டிருக்கு” என்று கூச்சப்படுவதால் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

படங்களை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். தமிழ், முஸ்லிம் வீடுகள் இரண்டுக்கும் ஒரே தொகுதி போகப்போகிறது. அம்மாவும் உம்மாவும் தயங்காமல் விரிக்கக்கூடியதா என்று இரு பக்கத்துத் தாய்மாரில் ஒவ்வொருவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

6. கிளினிக் நாள்: எங்கே இருப்பது, எப்போது கொடுப்பது

பாயை நிறை பார்க்கும் தராசுக்குப் பக்கத்தில் போடாதீர்கள். பிள்ளையின் நிறை குறைந்திருந்தால் தாயின் முகம் வாடியிருக்கும். அந்த இடத்தில் நீட்டப்படும் புத்தகம் இன்னொரு குற்றச்சாட்டாகத் தெரியும். திரிபோஷ சத்துமா கொடுக்கும் மேசைக்குப் பக்கமும் வேண்டாம், இரண்டும் ஒரே பங்கீடு என்று நினைத்துவிடுவார்கள்.

நல்ல இடம் காத்திருக்கும் வாங்குகளின் ஓரம். ஊசி போட்ட பிறகு பிள்ளையைக் கொஞ்ச நேரம் அங்கேயே இருத்திப் பார்ப்பார்கள், அதுவும் பொன்னான நேரம். ஆனால் அழுகை அடங்கும்வரை பொறுங்கள். முதல் முறை நான் அழுகின்ற பிள்ளையின் முன் பூனைப் படத்தை ஆட்டினேன். அடுத்த மாதம் என்னைக் கண்டவுடனேயே அது அழத் தொடங்கிவிட்டது.

பழைய புத்தகத்தை வாங்கும்போது “வாசிச்சீங்களா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஓம் என்பார்கள். “இவருக்கு எந்தப் பக்கம் விருப்பம்?” என்று கேளுங்கள். விரித்த வீட்டில் உடனே ஒரு பக்கம் திறக்கும். விரிக்காத வீட்டுத் தாய் சிரிப்பாள். அப்போது பாயில் இருத்தி ஒரு தரம் நீங்களே வாசித்துக் காட்டுங்கள், வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

கிழிந்து வந்தால் நன்றி சொல்லுங்கள். இதை நான் பகிடியாகச் சொல்லவில்லை. கிழித்ததற்கு ஏச்சு விழும் என்ற பயம் ஒரு ஒழுங்கைக்குள் பரவினால், அந்த ஒழுங்கையின் எல்லாப் புத்தகங்களும் அலுமாரிக்கு மேல் போய்விடும்.

திரும்பிய புத்தகத்தை சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள். காய்ச்சல், கை-கால்-வாய்க் கொப்புளம் இருந்த வீட்டிலிருந்து வந்ததைத் துடைத்த பிறகும் சில நாள் ஒதுக்கி வையுங்கள். இதை மிஸ்மாரின் கண்முன்னே செய்தால் அவர்களின் நம்பிக்கை கூடும்.

7. மிஸ் சொல்லும் ஒரு வசனம்

நீங்கள் அரை மணித்தியாலம் விளக்குவதைவிட, நிறை எழுதிக்கொண்டே மிஸ் சொல்லும் ஒரு வசனம் வீட்டில் கூட நாள் நிற்கும். அதை அவரோடு இருந்து முன்கூட்டியே தெரிவுசெய்யுங்கள். எங்களிடம் நிலைத்தது இது: “ராவைக்கு சோறு தீத்தினாப் போதாது, ஒரு புத்தகமும் காட்டணும்.” அதற்கு மேல் எதையும் அவர் தலையில் ஏற்றாதீர்கள். நிறை, ஊசி, திரிபோஷ, கர்ப்பிணித் தாய்மார், வீட்டுத் தரிசிப்பு, இத்தனைக்கும் பதிவுகள் என்று அவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. நீங்கள் இன்னொரு படிவம் நீட்டினால் திட்டம் அன்றோடு சரி.

கிளினிக் கொப்பியில் நீங்களாக எதையும் எழுதவோ ஒட்டவோ வேண்டாம். அது பிள்ளையின் மருத்துவ ஆவணம்.

8. வீட்டில் 10 நிமிடம்

தாய்மாருக்கு எதைச் செய்துகாட்டுவது என்பது பிள்ளையின் வயதைப் பொறுத்தது. ஆறு மாதத்தில் பிள்ளை புத்தகத்தை வாயில் வைக்கும், வைக்கட்டும். ஒரு வயதுக் கிட்டத்தில் படத்தைத் தட்டும், இரண்டு மூன்று பக்கத்தைச் சேர்த்துப் புரட்டும். ஒன்றரை வயதில் “மாடு எங்க?” என்றால் விரல் போகும். இரண்டு வயதில் ஒரே புத்தகத்தைப் பத்துத் தரம் கேட்கும். தாய்க்கு அலுக்கும், பிள்ளைக்கு ஒவ்வொரு தரமும் சொல் இறுகும். மூன்று வயதில் கடைசிச் சொல்லை நீங்கள் விட்டுவிட்டால் அது நிரப்பும்.

வாசிக்கும் முறையில் ஒரு விடயத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். நம் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் தமிழ் வேறு, முதலாம் ஆண்டுப் புத்தகத்தில் காணும் தமிழ் வேறு. எழுத்துத் தமிழைப் பாடசாலையில்தான் முதன்முதலாகக் கேட்கிறதென்றால், எழுத்தையும் மொழியையும் பிள்ளை ஒன்றாகச் சுமக்க வேண்டிவரும். ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு வாசிப்பு. முதலில் எழுதியபடியே, “பூனை பாலைக் குடித்தது.” பிறகு வீட்டுப் பேச்சில், “பூன பாலக் குடிச்சிட்டு, பாத்தியா மகள்?” சில தாய்மார் வீட்டுப் பேச்சு “சரியான தமிழ் இல்லை” என்று முதலாவதை மட்டும் வாசிப்பார்கள், பிள்ளை எழுந்து போய்விடும். சிலர் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள், எழுத்துத் தமிழ் காதில் விழாது. இரண்டும் வேண்டும் என்பதைப் பாயில் இருந்து செய்தே காட்டுங்கள்.

கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டுவருவது பல வீடுகளில் அம்மம்மாதான். தாய் மத்திய கிழக்கில் இருப்பாள். “எனக்கு எழுத்துத் தெரியாது மகள்” என்று அவர் புத்தகத்தைத் திருப்பி நீட்டுவார். அவருக்கு எழுத்தில்லாத படப் புத்தகம் ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். படத்தைப் பார்த்துத் தன் கதையை அவர் சொல்லட்டும். கேள்வி கேட்டு, பிள்ளை சொன்னதை நீட்டிச் சொல்லி, மறுபடி கேட்பதில் அவர்களை வெல்ல ஆளில்லை. எங்கள் பாயில் ஒரு பெத்தம்மா ஆமைப் படத்தைக் காட்டி, தோணி கவிழ்ந்த கதை ஒன்றைச் சொல்லத் தொடங்க, வரிசையில் இருந்த தாய்மாரெல்லாம் தங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டதைக்கூடக் கேட்காமல் இருந்துவிட்டார்கள். தாயோடு வீடியோ அழைப்பில் பேசும் நேரத்தில் இங்கே பக்கத்தைப் பிடிக்க, அங்கே அவள் வாசிப்பதும் நடக்கும். கைத்தொலைபேசிக்கு நான் கொடுக்கும் சலுகை அது ஒன்றுதான். மற்றபடி ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்பது 2019ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வழிகாட்டல்.

அ, ஆ எழுதப் பழக்க வேண்டாமா என்று தகப்பன்மார் கேட்பார்கள். மூன்று வயதுக்கு முன் வேண்டாம். பென்சிலைத் திணித்த வீடுகளில் புத்தகத்தைக் கண்டு பிள்ளை ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஓசை விளையாட்டு போதும்: “பந்து, பட்டம், பழம். இன்னும் ‘ப’ல என்ன இருக்கு?”

9. கண், காது, பேச்சு: கண்டதைச் சொல்லுங்கள், பெயர் வைக்காதீர்கள்

மாதா மாதம் பாயில் இருப்பவர் சிலவற்றைக் காண்பார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை. படத்தை மூக்கோடு ஒட்டிப் பார்க்கும் பிள்ளை. ஒரு வயது தாண்டியும் மழலை வராத, ஒன்றரை வயதிலும் ஒரு சொல்லும் வராத பிள்ளை. காது வடியும் பிள்ளை. இவற்றைக் கண்டால் தாயிடம் நோயின் பெயர் எதையும் சொல்லாதீர்கள், “பிந்திப் பேசும், பயப்படாதீங்க” என்று ஆறுதலும் சொல்லாதீர்கள். “இதை மிஸ்கிட்ட ஒருக்காக் காட்டுவம்” என்று சொல்லிக் கூடவே போங்கள். கிளினிக் கொப்பியில் வளர்ச்சிப் படிகளுக்கென்று பகுதி உண்டு, மேலே அனுப்பும் வழியும் மிஸ்ஸிடம் உண்டு.

10. மாரியும் வேளாண்மையும்

நாட்காட்டியை ஊரோடு வையுங்கள். ஐப்பசி பிறந்தால் மழை. வெள்ளம் ஏறும் ஊர்களில் புத்தகம் பொலித்தீன் உறைக்குள், உறை கூரைக் கைமரத்தில் தொங்க வேண்டும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதால் சபைகள் அப்போதே தொடக்க விழா வைக்க ஆசைப்படும். அந்த விழாவுக்கு இணங்கினால் முதல் மூன்று கிளினிக்கும் மழையில் போய்விடும். தைப்பொங்கலுக்குப் பிறகு தொடங்கி, ஒக்டோபரில் கணக்குக் காட்டுங்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரைப் பக்கம் பெரும்போக நெல் வெட்டு நாட்களில் கிளினிக் வெறிச்சோடும். அந்த மாதம் இரண்டு புத்தகமாகக் கொடுத்து, இரண்டு மாதத் தவணை போட்டுவிடுங்கள். முஸ்லிம் ஊர்களில் நோன்பு மாதத்தில் வாசிப்பு நேரத்தைக் காலையோடு முடியுங்கள்.

11. ஆறாம் மாதம் எதை எண்ணுவது

கொடுத்த புத்தகத்தை எண்ணாதீர்கள், அது கூடத்தான் செய்யும். எண்ண வேண்டியவை மூன்று: திரும்பிய புத்தகம், மூன்று மாதம் தொடர்ந்து வாங்கிய தாய்மார், நூலக அங்கத்துவம் எடுத்த பிள்ளைகள். முதலாவது குறைந்தால் 2ஆம் படிக்குத் திரும்புங்கள். இரண்டாவது குறைந்தால் பாய் இருக்கும் இடத்தையோ புத்தகத் தெரிவையோ மாற்றுங்கள். மூன்றாவது குறைந்தால் பிழை பெரும்பாலும் பிணைக் கையொப்பத்தில் இருக்கும்.

இந்த மூன்று இலக்கத்தையும் அரைத் தாளில் எழுதி, ஒரு பிரதியை எம்.ஓ.எச். பணிமனைக்கும் ஒன்றை சபைக்கும் கொடுங்கள். வைத்திய அதிகாரியும் நூலகரும் இடமாற்றத்தில் போவார்கள். புதிதாக வருபவர் கோவையைத் திறக்கும்போது உங்கள் முதல் கடிதத்துக்குப் பின்னால் அந்த அரைத் தாள் இருந்தால், மறுபடி முதலிலிருந்து கதவு தட்ட வேண்டியிராது.